ஹாயிம்

கஸ்ர் தொழுகையின் பாடம் நடக்கும்போது மாணவர்கள் பெரும்பாலும் நின்று நோக்காமல் கடந்து சென்றுவிடும் சொல் ஒன்று உண்டு. 'ஹாயிம்' என்பது அச்சொல். எங்கே போகிறோம் என்றறியாமல் அலைபவன் என்பது அதன் பொருள். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் 'மின்ஹாஜ்' நூலில், பயணத்தில் தொழுகையைச் சுருக்கித் தொழுவதற்குரிய நிபந்தனைகளைக் கூறிவரும்போது, பயணி தொடக்கத்திலேயே குறிப்பிட்ட ஓர் இடத்தை நாடியிருத்தல் வேண்டும் என்கிறார்கள். ஹாயிமுக்கு அந்தச் சலுகை இல்லை. அவன் எத்துணை நெடுந்தூரம் அலைந்தாலும் இல்லை. நான்கு ரக்அத்தை நான்காகவே அவன் தொழவேண்டும்.

ஹனஃபி மத்ஹபின் அறிஞர்கள் இதையே இன்னும் அழுத்தமாகக் கூறுவர். பயணத்திற்குரிய தொலைவை நாடாமல் ஒருவன் உலகத்தையே சுற்றி வந்தாலும் மார்க்கத்தின் பார்வையில் அவன் பயணி ஆகமாட்டான் என்பது அவர்கள் முடிவு. ஆக, அடுத்த ஊருக்குக் காரியமாகப் போகிறவன் பயணியாகக்கூடும். உலகைச் சுற்றியவன் வீட்டில் இருந்தவனாகவே எண்ணப்படக்கூடும். காலடிகளை எண்ணிப் பயணத்தை அளக்காமல் உள்ளத்தின் நாட்டத்தைக் கொண்டு அளந்த இந்த நுட்பத்தை நான் பல ஆண்டுகளாகப் பாடமாக நடத்தி வருகிறேன். ஒவ்வொரு முறையும் அது எனக்குப் புதிதாகவே தோன்றுகிறது.

இதோடு தொடர்புடைய மற்றொரு சட்டம் இதனினும் அழகியது. வாகனத்தில் செல்லும் பயணி ஸுன்னத்தான, நஃபிலான தொழுகைகளைத் தன் வாகனம் செல்லும் திசையை நோக்கியே தொழலாம். அவன் போகும் திசையே அவனுக்குக் கிப்லாவாகிவிடுகிறது. ஆயின் இந்தச் சலுகையும் ஹாயிமுக்கு இல்லை. போகுமிடம் ஒன்று இருந்தால்தானே போகும் திசை என்று ஒன்று இருக்கும்?

அண்மையில் ஓர் இளைஞர் என்னிடம் கேட்ட கேள்வி இந்தச் சட்டங்களை மீண்டும் எடுத்துப் பார்க்க வைத்தது. சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதியவர். இப்போது துரைப்பாக்கத்துப் பக்கம் கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறார். அலுவலகத்தார் அவரை மூன்று வாரங்களுக்குப் பாரிஸ் நகருக்கு அனுப்புகிறார்கள். வார விடுமுறை நாட்களில் கையில் பட்டியல் இல்லாமல், வழிகாட்டி இல்லாமல், செல்பேசியின் வரைபடத்தையும் அணைத்துவிட்டு, கால் போன போக்கில் தனியே அந்நகரத்தைச் சுற்றிப் பார்க்க அவருக்கு ஆசை. "ஹஜ்ரத், இது வீணா? வீணென்றால் பாவமா?" என்று கேட்டார். கீழ்க்கட்டளை வானத்தில் மீனம்பாக்கத்து விமானங்கள் இரவும் பகலும் ஏறி இறங்குகின்றன. அவற்றில் ஒன்றில் ஏறிப் போகும் பிள்ளைகளின் தொகை ஆண்டுதோறும் கூடுகிறது. ஆதலின் இது அவர் ஒருவருக்கு மட்டும் உரிய கேள்வி அன்று.

முதலில் சட்டத்தைப் பிரித்தறிவோம். அந்த இளைஞர் பாரிஸ் என்னும் குறிப்பிட்ட ஊரை நாடிப் புறப்படுகிறார், ஆகவே வழியில் அவர் பயணி, தொழுகையைச் சுருக்கலாம். அங்கு மூன்று வாரம் தங்கும் நிய்யத் இருப்பதால், ஷாஃபிஈ மத்ஹபின்படி போய்ச் சேர்ந்ததுமே அவர் உள்ளூர்வாசியின் சட்டத்திற்கு வந்துவிடுகிறார். அதன்பின் அவர் தெருத்தெருவாக அலைவது மார்க்கம் கூறும் பயணமே அன்று. ஆகவே ஹாயிமின் சட்டம் எழுத்தளவில் அவரைத் தொடாது. ஆயினும் அச்சட்டத்தின் உள்ளே இருக்கும் கேள்வி அவரைத் தொடுகிறது: நாட்டமில்லாத நடைக்கு மதிப்புண்டா?

இல்லை என்பாரின் தரப்பு வலுவானது. இமாமுல் ஹரமைன் அவர்களின் தந்தையாகிய ஷைகு அபூ முஹம்மது ஜுவைனீ (ரஹ்), ஊர்களைப் பார்க்கவேண்டும் என்பதை மட்டுமே கருதிச் செய்யும் பயணம் தகுந்த நோக்கமுள்ள பயணங்களில் சேராது என்று கூறியதை நவவீ இமாம் எடுத்தெழுதுகிறார்கள். மகனோ இன்னும் ஒருபடி மேலே சென்றார். ஜகாத்தில் வழிப்போக்கருக்கென்று ஒரு பங்கு உண்டல்லவா? தகுந்த நோக்கமின்றி அலையும் ஹாயிமுக்கு அப்பங்கிலிருந்து கொடுப்பதற்கில்லை என்பது அவர் கருத்து. இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) தம் 'இஹ்யா'வில் பயணத்தின் ஒழுக்கங்களுக்கென்றே தனி நூற்பகுதி அமைத்தவர்கள். ஹிஜ்ரி 488இல் பக்தாதின் பெரும் பதவியைத் துறந்து டமாஸ்கஸ் நோக்கி நடந்தவர்களும் அவர்களே. அப்படிப்பட்டவர்களே, ஸூஃபிகளின் உடையைப் போர்த்திக்கொண்டு வேடிக்கை பார்ப்பதற்காக ஊர் ஊராகத் திரிந்தவர்களைக் கடிந்து எழுதினார்கள்.

ஆனால் சொல்லின் வேரைத் தோண்டினால் வேறொன்றும் கிடைக்கிறது. 'ஹாயிம்' என்ற சொல்லுக்கு அலைபவன் என்பதோடு காதலில் மதிமயங்கித் திரிபவன் என்ற பொருளும் அரபு மொழியில் உண்டு. தீராத் தாகத்தால் தவிக்கும் ஒட்டகங்களைக் குறிக்கத் திருக்குர்ஆன் (56:55) ஆளும் சொல்லும் இவ்வேரின் கிளையே. எல்லாவற்றிற்கும் மேலாக, கவிஞர்களைப் பற்றிய புகழ்பெற்ற வசனத்தில் (26:225) அவர்கள் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் அலைந்து திரிவதாகக் கூறுமிடத்திலும் இதே வேர்ச்சொல்தான் வந்திருக்கிறது. கவிஞரைப் பழிப்பதற்கு அவ்வசனத்தை எடுத்தாள்வோர், அதனையடுத்து இறைநம்பிக்கை கொண்டு நற்செயல் புரிவோர்க்கு விலக்கு அளிக்கப்படுவதை ஏனோ ஓதாமல் நிறுத்திக்கொள்கிறார்கள். இலக்கிய இதழ் படிப்போர் இதை நினைவில் வைத்திருப்பது நலம். அலைதலே குற்றமாக இருந்திருந்தால் விலக்குக்கு இடமிருந்திராது. அலைபவன் யார், அலைந்து என்ன செய்தான் என்பனவே அங்கு வினாக்கள்.

பிரெஞ்சு மொழியிலும் இத்தகைய மனிதனுக்கென்று ஒரு சொல் இருக்கிறது, 'ஃபிளானேர்' என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் மாநகரம் பெருந்தெருக்களாலும் கண்ணாடிக் கூரையிட்ட கடைவீதிகளாலும் விரிந்தபோது, காரியம் எதுவுமின்றி அவற்றில் மெல்ல நடந்து கூட்டத்தைப் பார்த்து மகிழ்ந்தவன் அவன். கவிஞர் போதலேர் 1863இல் வெளிவந்த கட்டுரையொன்றில் அவனை உயர்த்திப் பேசினார். கூட்டத்தின் நடுவே இருந்துகொண்டே எவர் கண்ணிலும் படாதிருத்தல்தான் அவனுடைய பெரிய இன்பம். இந்த இடத்தில்தான் எனக்குத் தயக்கம் எழுகிறது.

எவரும் அறியாத ஊரில் ஒருவன் யார்? கீழ்க்கட்டளையின் கடைத்தெருவில் அந்த இளைஞர் நடந்தால், இன்னாரின் மகன் என்று அறிந்தவர் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர் கண்ணைத் தாழ்த்துவதும் கையை அடக்குவதும் எந்த அளவுக்கு இறையச்சத்தால், எந்த அளவுக்கு அந்தப் பத்துப் பேரால் என்று அவருக்கே தெரிந்திராது. பயணத்தைக் குறிக்கும் 'ஸஃபர்' என்ற சொல்லையும், திரை நீங்கி வெளிப்படுதலைக் குறிக்கும் வேரையும் இணைத்து, பயணம் மனிதனின் குணத்தை வெளிப்படுத்துகிறது என்று நம் முன்னோர் விளக்கினர். யாருக்கு வெளிப்படுத்துகிறது? உடன் வருபவருக்கு. தனியே போகிறவனின் குணம் அவனுக்கும் அவனைப் படைத்தவனுக்கும் மட்டுமே வெளிப்படுகிறது.

தனிமைப் பயணத்தைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் எச்சரிக்கை கடுமையானது. தனிப் பயணியை ஷைத்தானோடு ஒப்பிட்டு, மூவர் சேர்ந்தால்தான் பயணக்குழு என்று கூறிய நபிமொழி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இருக்கிறது. தனிமையின் தீங்கை மக்கள் அறிந்தால் எந்தப் பயணியும் இரவில் தனியே செல்லமாட்டான் என்ற பொருளுடைய நபிமொழியை இமாம் புகாரீ பதிவு செய்கிறார்கள். ஆனால் அதே பாடத்தில் புகாரீ இமாம் மற்றொன்றையும் சேர்த்து வைத்தது அவர்களின் கூர்மதிக்குச் சான்று. அகழ்ப் போரின்போது எதிரிகளின் செய்தியறிய ஸுபைர் (ரலி) அவர்கள் தனியாகச் சென்ற நிகழ்ச்சிதான் அது. அதனால் அறிஞர்கள் இத்தடையை ஆபத்தும் துணையின்மையும் உள்ள பாலைவழியோடு சேர்த்து விளங்கிக்கொண்டார்கள். மக்கள் நெருங்கி வாழும் பாரிஸின் பகல் தெரு அந்தப் பாலைவழி அன்று. ஆயினும் நள்ளிரவில் அறியாத சந்துகளில் தனியே அலைவதை நான் அனுமதிக்கமாட்டேன். அதற்கு ஹதீஸும் வேண்டாம். பெற்றோரின் உறக்கத்தை நினைத்தாலே போதும்.

இனி, நோக்கம் என்பதையே சற்று நுணுகிப் பார்க்க வேண்டும். மின்ஹாஜ் நூல் ஹாயிமைச் சொன்ன கையோடு மற்றொருவனையும் சொல்கிறது. கடன் வாங்கிவிட்டு ஓடியவனைத் தேடிச் செல்பவன் அவன். கடனாளி அகப்பட்ட இடத்தில் திரும்பிவிடுவான். ஆனால் எங்கே அகப்படுவான் என்று அவனுக்குத் தெரியாது. அவனுக்கு நோக்கம் இருக்கிறது, இடம் இல்லை. அவனும் கஸ்ர் செய்ய இயலாது. ஆயின் நடுவழியில் அவனுக்கு ஒரு செய்தி கிடைத்து, இன்ன ஊருக்குப் போவோம் என்று உறுதி செய்துகொண்டால், அங்கிருந்து எஞ்சிய தொலைவு போதுமானதாக இருக்குமானால், அந்த இடத்திலிருந்து அவன் பயணியாகிவிடுகிறான். நோக்கம் வழியிலும் பிறக்கலாம் என்பதற்கு ஃபிக்ஹின் ஒப்புதல் இது.

வழியில் பிறந்த நோக்கத்திற்குத் தமிழகத்தில் நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ.கே. செட்டியார் அவர்களைத் தமிழுலகம் 'உலகம் சுற்றும் தமிழன்' என்று அறியும். அது அவருடைய நூலின் பெயருங்கூட. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நிழற்படக் கலை பயின்ற அந்த இளைஞர், 1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து டப்ளின் நோக்கிக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்த நாள். அவரைப் பற்றி ஒரு முழுநீளச் செய்திப்படம் எடுத்தாலென்ன என்ற எண்ணம் நடுக்கடலில் அவருக்கு உதித்தது. பிறகு ஐரோப்பாவிலும் பிற கண்டங்களிலும் ஊர் ஊராக அலைந்து, யார் யாரோ எடுத்து எங்கெங்கோ கிடந்த படச்சுருள்களைத் தேடித் திரட்டினார். 1940இல் படம் திரைக்கு வந்தது. அச்சுருள்கள் எங்கே கிடைக்கும் என்று அவருக்கு முன்கூட்டித் தெரிந்திருக்க இயலாது. நம் நூல்களின் மொழியில் சொன்னால் அவர் கடனாளியைத் தேடிச் சென்றவர். திட்டம் முழுமையாக வரட்டும் என்று அவர் கோட்டையூரிலேயே காத்திருந்தால் அந்தக் கப்பலில் அவர் இருந்திருக்கமாட்டார். அந்த எண்ணமும் உதித்திராது.

திட்டமே இல்லாமல் ஐரோப்பிய நகரமொன்றில் போய் விழுந்த முஸ்லிம் பயணிகளுள் மூத்தவர் ஒருவரை இங்கு நினைக்காமல் இருக்க முடியாது. கிரானடாவின் அரசுச் செயலராக இருந்த இப்னு ஜுபைர் ஹஜ்ஜை முடித்துத் தாயகம் திரும்பும் வழியில், ஹிஜ்ரி 580 ரமலானில், அதாவது கி.பி. 1184 டிசம்பரில், அவர் ஏறி வந்த கப்பல் ஸிஸிலித் தீவின் மெஸ்ஸீனாவுக்கு அருகில் உடைந்தது. கரையேற்றும் படகுக்காரர்கள் கூலி கேட்டு நின்றார்கள். ஏழை முஸ்லிம்களிடம் கொடுக்க எதுவுமில்லை. அப்போது அங்கிருந்த கிறிஸ்தவ அரசன் இரண்டாம் வில்லியம் அந்தக் கூலியைத் தானே கொடுக்க ஏற்பாடு செய்தான். இப்னு ஜுபைர் இதை மறைக்காமல் எழுதுகிறார்.

பின்னர் அவர் பலெர்மோவுக்குப் போகிறார். வழியில் எதிர்ப்பட்ட கிறிஸ்தவர்கள் தாமே முந்திக்கொண்டு முகமன் கூறினார்கள், இனிமையாகப் பழகினார்கள். நகருக்குச் சற்று வெளியே கஸ்ர் ஸஅது என்னும் கோட்டையின் பள்ளிவாசலில் அவர் இரவு தங்கினார். நெடுநாளாகக் கேளாத பாங்கொலியை அங்குக் கேட்டார். நகருக்குள் கிறிஸ்துமஸ் நாள். கிறிஸ்தவப் பெண்கள் பொன்னிறப் பட்டுடுத்து, முகத்திரையிட்டு, மருதாணியும் நறுமணமும் பூசி, முஸ்லிம் பெண்களைப் போன்ற கோலத்தில் தேவாலயத்திற்குப் போனதைக் கண்டு வியக்கிறார். அங்கிருந்த தேவாலயம் ஒன்றின் பொன்வேலைப்பாட்டைக் கண்டு, உலகின் வியத்தகு கட்டடங்களில் ஒன்று என்று புகழ்கிறார்.

அவர் உள்ளத்தில் நிகழ்ந்த போராட்டம்தான் அந்நூலை உயிருள்ளதாக்குகிறது. தம்மவரல்லாதார் காட்டிய அந்த இனிமையே அவரை அஞ்ச வைக்கிறது. அறியாத முஸ்லிம்களின் ஈமானை இது அசைத்துவிடுமோ என்று இறைவனிடம் காவல் தேடுகிறார். ஆனால் அஞ்சியதற்காகக் கண்ட நன்மையை அழிக்கவில்லை. கண்ட நன்மைக்காக அச்சத்தை மறைக்கவும் இல்லை. அதே தீவில் முஸ்லிம்கள் அடைந்த இன்னல்களையும் எழுதுகிறார். தன் மகளுக்கு இந்த ஹாஜிகளுள் ஒருவரை மணம் முடித்துக் கடல் கடந்து அனுப்பிவிட்டால் போதும் என்று தவித்த தந்தையின் செய்தியையும் எழுதுகிறார். இவற்றில் எதைப் பார்க்கவும் அவர் திட்டமிட்டிருக்கவில்லை. திட்டமிட்டிருந்தால், தம் கருத்துக்கு இசைந்தவற்றை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கக்கூடும். முன்கூட்டிய பட்டியலின் பெருங்குறை இதுதான். நாம் ஏற்கெனவே அறிந்திருப்பதையே அது நமக்குக் காட்டும். கோபுரத்தின் படத்தைப் பார்த்துவிட்டுக் கோபுரத்தைப் பார்க்கப் போகிறவன், படத்தைத்தான் இரண்டாம் முறை பார்க்கிறான்.

நம் இளைஞர் செல்லும் நாட்டிற்கே சென்ற அஸ்ஹர் பட்டதாரி ஒருவரும் உண்டு. எகிப்தின் ஆட்சியாளர் 1826இல் பிரான்சுக்கு அனுப்பிய மாணவர் குழுவின் இமாமாகச் சென்ற ஷைகு ரிஃபாஆ தஹ்தாவீதான் அவர். மர்ஸேய் நகரின் காப்பிக் கடை ஒன்றுக்குள் முதன்முதலாக நுழைந்தபோது, உள்ளே திரள் திரளாக மக்கள் நடமாடும் பெருந்தெரு ஒன்று இருப்பதாக அவர் எண்ணிவிட்டார். சுற்றிலும் பதித்த பெரிய நிலைக்கண்ணாடிகளின் வேலை அது. அந்தக் கூட்டத்தில் தம் உருவத்தையும் கண்ட பிறகே உண்மை விளங்கிற்று. இதைத் தம் நூலில் அவரே நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். அந்நிய நகரத்தில் முதலில் எதிர்ப்படும் அந்நியன் தான்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான கதையை நான் படித்ததில்லை. தஹ்தாவீ ஐந்தாண்டுகள் அங்கிருந்து 1831இல் தாயகம் திரும்பினார். இமாமாகப் போனவர் மொழிபெயர்ப்பாளராகவும் கல்வியாளராகவும் திரும்பி வந்தார்.

தமிழில் இதற்கு ஒப்பான காட்சியைத் தேடினால் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை எதிரே நிற்கிறது. காதையின் பெயரே ஊர் காணுதல்தான். கண்ணகியைக் கவுந்தியடிகளின் காவலில் விட்டுவிட்டு, வணிகரிடம் தன் நிலையை அறிவிக்கவேண்டி மதுரைக்குள் போகிறான் கோவலன். ஆனால் இளங்கோவடிகள் விரித்துரைப்பது அவன் கண்ட வீதிகளைத்தான்: கணிகையர் வீதி, மணிகள் விற்கும் வீதி, பொன் வீதி, அறுவை வீதி, கூல வீதி. கண்டு மகிழ்ந்து அவன் மீள்கிறான். அத்தெருக்களில் எவரோடும் அவன் உரையாடியதாக அடிகள் காட்டவில்லை. அடுத்த முறை சிலம்பு விற்க அதே ஊருக்குள் போனபோது அவன் நம்பி அணுகிய மனிதன் பொற்கொல்லன். ஊர் முழுவதையும் பார்த்தவன் அவ்வூரில் ஒரு மனிதனையாவது அறிந்திருந்தால் என்று எண்ணாமல் என்னால் அப்பகுதியைக் கடக்க முடிவதில்லை. உரையாசிரியர்கள் இப்படிக் கூறியதில்லை. இது என் எண்ணம்.

திருக்குர்ஆனின் இருபத்தெட்டாம் அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்கள் இருமுறை ஊருக்குள் நுழைகிறார்கள். முதலாவது, தாம் வளர்ந்த நகரம். மக்கள் அயர்ந்திருந்த நேரம். இருவர் சண்டையிடுகிறார்கள், தம்மினத்தான் உதவிக்கு அழைக்கிறான், மூஸா நபி ஒரு குத்து விடுகிறார்கள், மற்றவன் இறந்துபோகிறான். உடனே வருந்தி இறைவனிடம் மன்னிப்பு வேண்டுகிறார்கள், மன்னிப்பும் கிடைக்கிறது. இரண்டாவது, மத்யன். இது முற்றிலும் அறியாத ஊர். துணை இல்லை, உணவு இல்லை, போய்ச் சேரவேண்டிய வீடு இல்லை. தம் இறைவன் நேர்வழியைக் காட்டக்கூடும் என்ற நம்பிக்கை ஒன்றைத் தவிர வேறு திட்டமும் இல்லை. ஊரெல்லைக் கிணற்றில் இடையர்கள் கூட்டமாக நின்று தம் மந்தைகளுக்குத் தண்ணீர் இறைக்கிறார்கள். அவர்களுக்கு அப்பால் தம் ஆடுகளைத் தடுத்து நிறுத்திக்கொண்டு இரு பெண்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். மூஸா நபியின் கண் கூட்டத்தைத் தாண்டி அவர்கள்மீது நிற்கிறது. என்ன செய்தி என்று கேட்கிறார்கள். தந்தை முதியவர், இடையர்கள் போன பின்பே தங்களால் நீர் இறைக்க முடியும் என்று பதில் வருகிறது. இறைத்துக் கொடுக்கிறார்கள். பிறகு கூலியும் கேளாமல், பெயரும் சொல்லாமல், நிழலுக்கு ஒதுங்கித் தம் தேவையை இறைவனிடம் மட்டும் முறையிடுகிறார்கள்.

அறிந்த ஊரில் உள்ளவர்களை நம்மவர், பிறர் என்று நாம் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறோம். அறியாத ஊரில் அந்தப் பிரிவினை கைகொடுப்பதில்லை. மத்யனில் யார் எந்தக் குலம் என்று மூஸா நபிக்குத் தெரியாது. யார் ஒதுங்கி நிற்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. திட்டமின்றிச் சுற்றுவதற்கு ஏதேனும் நியாயம் உண்டென்றால் அதை நான் இங்குதான் காண்கிறேன். போதலேரின் ஃபிளானேர் கூட்டத்தைப் பார்த்து மகிழ்ந்தான். கிணற்றடிக்கு வந்தவர் கூட்டத்திற்கு வெளியே நின்றவரைப் பார்த்தார். இருவரும் காரியமின்றி நின்றவர்களே. பார்வையின் திசைதான் வேறு.

ஆகவே அந்த இளைஞரைப் போகச் சொன்னேன். ஒரே ஒரு நிபந்தனை: தொழுகையின் வேளைகளைக் கையில் எழுதிக்கொள்ள வேண்டும். சென்னையில் ஆண்டு முழுவதும் மஃரிபின் நேரம் ஏறத்தாழ ஒரு மணி அளவே முன்பின்னாக நகர்கிறது. பாரிஸில் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கு முன்பே மஃரிப் ஆகிவிடும். கோடையில் இரவு 10 மணியை ஒட்டிப் போகும். வயிற்றின் கணக்கையோ உறக்கத்தின் கணக்கையோ கொண்டு அங்கு வேளையை ஊகிக்க முடியாது. 1926இல் திறக்கப்பட்ட பாரிஸ் பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. மற்ற தெருக்களில் மிஃராபு இருக்காது; சூரியனைக் கொண்டு திசையை ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும், அல்லது அறிந்தவரைக் கேட்க வேண்டும். ஐவேளைக் கடமை உள்ளவன் எந்த நகரத்திலும் முழு ஹாயிமாக இருக்க இயலாது என்பதையும் கண்டுகொள்வார். கால் எங்கே போனாலும் நாளில் ஐந்து முறை அவன் ஒரு திசையைக் கண்டுபிடித்தே தீரவேண்டும். வரைபடத்தை அணைக்கட்டும், அதற்கு நான் தடை சொல்லவில்லை. வட ரயில் நிலையத்தையடுத்த லா ஷாப்பேல் பகுதிக்கு வழி தவறிப் போனால் தமிழ்ப் பலகைகளையே பார்ப்பார். ஈழத்திலிருந்து ஏதிலிகளாய்ப் போனவர்கள் வைத்த கடைகள் அங்கு நிறைய. காரைக்கால் முஸ்லிம்களின் குடும்பங்களும் தலைமுறைகளாக அந்நாட்டில் வாழ்கின்றன. அவர்களுள் எத்தனை பேர் திட்டத்தோடு அங்குப் போனார்கள் என்று கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு செய்தியை அவரிடம் நான் கூறவில்லை; வாசகர்களிடம் கூறுகிறேன். திட்டமில்லாமல் அறியாத ஊரில் தனியே நிற்பது, சட்டைப்பையில் திரும்பும் விமானச்சீட்டு வைத்திருப்பவனுக்கே இன்பம். அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் நெடுந்தூர ரயில்கள் சில தாம்பரத்தில் வந்து முடிகின்றன. அவற்றிலிருந்து இறங்கும் இளைஞர்களுள் சிலர், ஒரு தொலைபேசி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மேம்பாலத்தின் அடியில் திசை தெரியாமல் நிற்கக் காண்கிறோம். பார்ப்பவருக்கு அவர்கள் ஹாயிம்களைப் போலத் தோன்றுவார்கள். ஆராய்ந்தால் அவர்கள் கடனாளியைத் தேடி வந்தவனின் இனம்: நோக்கம் உண்டு, இடம்தான் இல்லை. சாரங்களிலும் உணவுக் கடைகளின் பின்கட்டிலும் அவர்கள் அந்தக் கடனாளியைத் தேடுகிறார்கள். இமாமுல் ஹரமைன் ஜகாத்திலிருந்து விலக்கியது நோக்கமற்று அலைபவனையே; இவர்களை அன்று. ஆயினும் எங்கள் பகுதி மஹல்லாக்களில் ஜகாத் பங்கிடும்போது ஏழைகளின் பங்கு பேசப்படும், கடனாளிகளின் பங்கு பேசப்படும். வழிப்போக்கரின் பங்கு பேசப்பட்டு நான் கேட்டது மிகக் குறைவு. வழிப்போக்கர் என்றால் ஒட்டகத்தில் வருவார் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம் போலும்.

வெள்ளிக்கிழமைகளில் அவர்களுள் சிலர் எங்கள் பள்ளிவாசலுக்கும் வருகிறார்கள். சுண்ணாம்பும் சிமெண்டும் ஒட்டிய கால்களைக் கழுவி ஒளூச் செய்துவிட்டுக் கடைசி ஸஃப்பில் அமர்கிறார்கள். தமிழ் பயான் நடக்கும்போது தலை குனிந்திருப்பார்கள். குத்பா அரபியில் தொடங்கியதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.